ஸ்மார்ட் பல்பு வாங்கும் முன் சுவர் சுவிட்சைப் பாருங்கள்

வீட்டில் 15 பல்புகள் இருப்பதாகவும், அத்தனையையும் ஸ்மார்ட் பல்புகளாக மாற்ற எண்ணியிருப்பதாகவும், வைஃபை பல்பு வாங்குவதா, ஹப் (பல்புகளுக்கும் ரவுட்டருக்கும் இடையே செய்தி கடத்தும் சிறு பெட்டி) தேவைப்படும் பல்பு வாங்குவதா, நிறம் மாறுவது வேண்டுமா, வெள்ளை ஒளி மட்டும் போதுமா என்பது புரியவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். கேள்வியின் கடைசி வரியில், வயதான பெற்றோரும் பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளும் உடன் இருக்கிறார்கள் என்று போகிற போக்கில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். விடை சொல்ல எனக்கு மிகவும் உதவிய செய்தி அதுதான். ஆகையால் வைஃபை, ஹப் ஆகியவற்றைச் சற்றுத் தள்ளிவைத்துவிட்டு, சுவரில் இருக்கும் சுவிட்சிலிருந்து தொடங்குகிறேன்.

ஸ்மார்ட் பல்பு என்பது எல்இடி விளக்கின் அடிப்பாகத்துக்குள் ஒரு சிறு கணினிச் சில்லையும் ஒரு ரேடியோவையும் சேர்த்து வைத்த கருவி. செயலியிலிருந்தோ குரல் உதவியாளரிடமிருந்தோ வரும் கட்டளையைக் கேட்க அந்த ரேடியோ நாள் முழுவதும் விழித்திருக்க வேண்டும். விழித்திருக்க மின்சாரம் வேண்டும். சுவிட்சை அணைத்தால் ஒளியோடு சேர்ந்து அந்த ரேடியோவும் அணைந்துவிடும். அதன்பின் தொலைபேசியில் எத்தனை முறை தட்டினாலும் பல்பு தொடர்பில் இல்லை என்ற செய்திதான் வரும். ஆக, ஸ்மார்ட் பல்பு மாட்டிய இடத்தில் சுவர் சுவிட்ச் எப்போதும் போட்ட நிலையிலேயே இருக்க வேண்டும் என்பது இந்தப் பொருளோடு சேர்ந்தே வரும் நிபந்தனை. அறைக்குள் நுழையும்போதும் வெளியேறும்போதும் கை தானாகச் சுவிட்சுக்குப் போய்ப் பழகிய வீட்டில் இந்த நிபந்தனையைக் காப்பாற்றுவது எளிதன்று.

என் வீட்டில் முதன்முதலாக நான் ஸ்மார்ட் பல்பு மாட்டியது படுக்கையறைக்கும் கழிவறைக்கும் இடையிலுள்ள நடையில். இரவு 10 மணிக்கு அது தானாக அணையும்படி செயலியில் அமைத்திருந்தேன். நள்ளிரவில் எழுந்த என் தந்தை, வழக்கம்போல் இருட்டில் சுவரைத் தடவிச் சுவிட்சை அழுத்தினார். ஏற்கெனவே போட்டிருந்த சுவிட்ச் அது. அழுத்தியதும் அது அணைந்ததே தவிர விளக்கு எரியவில்லை. மறுபடி அழுத்தினார். ஒரு நொடி தாமதித்து, பல்பு முழு வெளிச்சத்தில், பகல் வெள்ளையில் பளீரென்று எரிந்தது. சத்தம் கேட்டு நான் வந்தபோது ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கண்ணை மறைத்தபடி நின்றிருந்தார். "எனக்குப் பழைய பல்பையே மாட்டிக் கொடுத்துடுப்பா" என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லவில்லை. அந்த வாரமே, பட்டன் பேட்டரியில் இயங்கும் கம்பியில்லாச் சுவிட்ச் ஒன்றை வாங்கிப் பழைய சுவிட்சுக்குப் பக்கத்தில் அதே உயரத்தில் ஒட்டினேன். இரவு 10 மணிக்குமேல் அதை அழுத்தினால் நடைவிளக்கு மிக மங்கலான மஞ்சள் ஒளியில் எரியும்படி அமைத்தேன். பழைய சுவிட்சின் மேல் ஒரு மூடியைப் பொருத்தினேன். அதன்பிறகு அவர் அந்த விளக்கைப் பற்றிப் பேசியதே இல்லை.

எனவே பல்பைத் தேர்ந்தெடுக்கும்போதே அந்தப் பல்போடு இணையக்கூடிய கம்பியில்லாச் சுவிட்ச் கிடைக்கிறதா என்று பார்ப்பது, பல்பின் நிறங்களை எண்ணுவதைவிட முக்கியம். ஹப் வழியாக இயங்கும் பல்புகளுக்கு இத்தகைய சுவிட்சுகள் தாராளமாகக் கிடைக்கின்றன. மலிவான வைஃபை பல்புகள் பலவற்றுக்குத் தொலைபேசிச் செயலியைத் தவிர வேறு வழி இருப்பதில்லை. தொலைபேசியைக் கையில் எடுத்து, பூட்டைத் திறந்து, செயலியைத் தேடி, அறையைத் தேர்ந்து விளக்குப் போடுவது என்பது ஒரு விரலால் சுவிட்சை அழுத்துவதைவிட முன்னேற்றம் என்று நான் ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டேன். விருந்தினர் வந்தாலும் சரி, பிள்ளைகள் ஓடிவந்தாலும் சரி, யாரிடமும் கேட்காமல் விளக்கைப் போடவும் அணைக்கவும் சுவரில் ஒரு பொத்தான் இருந்தே ஆக வேண்டும்.

பல இடங்களில் பல்பை விட்டுவிட்டுச் சுவிட்சையே ஸ்மார்ட் சுவிட்சாக மாற்றுவது நல்லது. ஒரே சுவிட்சில் ஆறு பல்புகள் எரியும் கூரை விளக்குத் தொகுதி இருந்தால் ஆறு ஸ்மார்ட் பல்புகள் வாங்குவதில் பொருளில்லை. ஒரு சுவிட்சை மாற்றினால் போதும், பல்புகள் சாதாரண எல்இடியாகவே இருக்கலாம், வீட்டார் பழைய பழக்கப்படியே சுவரைத் தொட்டு அணைக்கலாம், செயலியும் வேலை செய்யும். ஆனால் ஸ்மார்ட் சுவிட்சுகளில் பெரும்பாலானவற்றுக்குச் சுவிட்ச் பெட்டிக்குள், மின்சாரம் திரும்பிச் செல்லும் நியூட்ரல் கம்பி வேண்டும். பழைய வயரிங்கில் சுவிட்ச் பெட்டிக்கு, மின்சாரம் கொண்டுவரும் ஃபேஸ் கம்பி மட்டும் வந்து விளக்குக்குத் திரும்பியிருக்கும். நியூட்ரல் நேராக விளக்குக்குப் போயிருக்கும். நியூட்ரல் இல்லாமலே இயங்கும் சுவிட்சுகளும் உண்டு. அவை தமக்கு வேண்டிய மின்சாரத்தைப் பல்பின் வழியாகவே சிறிதளவு கசியவிட்டுப் பெறுவதால், குறைந்த வாட் எல்இடி பல்பாக இருந்தால் அணைத்த பிறகும் மெல்ல மினுங்கும். அதைத் தடுக்கப் பல்புக்கு இணையாக ஒரு சிறு மின்தேக்கியைச் சேர்க்க வேண்டியிருக்கும். இந்த வேலையை எலக்ட்ரீஷியனிடமே விட்டுவிடுங்கள். ஸ்மார்ட் சுவிட்சால் விளக்கைப் போடவும் அணைக்கவும் முடியும், சுவிட்சும் பல்பும் இடம் கொடுத்தால் மங்கலாக்கவும் முடியும். ஒளியின் நிறத்தை மாற்ற முடியாது. அது தேவைப்படும் இடத்தில்தான் ஸ்மார்ட் பல்புக்கு உண்மையான வேலை இருக்கிறது.

இந்தக் கணக்கில் பார்த்தால் உங்கள் 15 பல்புகளில் எத்தனை மாற வேண்டும் என்பதும் தெளிவாகிறது. கூடம், படுக்கையறைகள், பிள்ளைகள் படிக்கும் மேசை, இரவில் நடமாடும் நடை ஆகிய இடங்களில் வெளிச்சத்தின் அளவும் நிறமும் நேரத்துக்கு நேரம் மாறுவது பயன் தரும். பொருள் வைக்கும் அறை, குளியலறை, மாடிப்படி ஆகியவற்றில் விளக்கு எரிந்தால் போதும், அணைந்தால் போதும். அங்கே சாதாரண எல்இடி பல்போ, ஆள் நடமாட்டத்தை உணர்ந்து எரியும் விளக்கோ சிறந்தது. ஐந்து அல்லது ஆறு பல்புகளுக்குமேல் முதலில் மாற்ற வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

மின்சாரம் போய்த் திரும்பி வரும்போது பல்பு என்ன செய்யும் என்பதைப் பலரும் வாங்கிய பிறகே கண்டுபிடிக்கிறார்கள். முன்னமைவாகப் பல ஸ்மார்ட் பல்புகள், மின்சாரம் வந்ததும் முழு வெளிச்சத்தில் எரியும்படி அமைக்கப்பட்டிருக்கும். வேறு வழி எதுவும் வேலை செய்யாதபோது சுவர் சுவிட்சை அணைத்துப் போட்டாவது விளக்கை எரிய வைக்க முடிய வேண்டும் என்பதே அதற்குக் காரணம், காரணம் நியாயமானதுதான். ஆனால் அதிகாலை 3 மணிக்கு மின்வெட்டு முடிந்து மின்சாரம் வந்தால் வீட்டின் அத்தனை ஸ்மார்ட் பல்புகளும் ஒருசேர எரிந்து எல்லோரையும் எழுப்பிவிடும். மின்சாரம் திரும்பும்போது முன்பிருந்த நிலைக்கே போகும்படியோ, நீங்கள் குறித்துவைத்த மங்கல் ஒளியில் எரியும்படியோ அமைக்க வசதியுள்ள பல்பை மட்டும் வாங்குங்கள். இதோடு தொடர்புடைய இன்னொரு தொல்லையும் உண்டு: சில பல்புகளை மூன்று அல்லது ஐந்து முறை அடுத்தடுத்து அணைத்துப் போட்டால், பழைய இணைப்பை மறந்து, புதிதாக இணைப்பதற்கான நிலைக்குப் போய்விடும். பிள்ளைகள் சுவிட்சோடு விளையாடினாலும், மின்சாரம் விட்டுவிட்டு வந்தாலும் அதே விளைவுதான். பல்பு திடீரென்று விட்டுவிட்டு மினுக்க ஆரம்பித்தால் பழுதென்று எண்ணித் தூக்கி எறிந்துவிடாதீர்கள். பெரும்பாலும் மறுபடி இணைத்தால் சரியாகிவிடும்.

இனி ஒளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஸ்மார்ட் என்ற சொல்லில் மயங்கி, இது முதலில் ஒரு விளக்கு என்பதை மறந்துவிடுகிறோம். செயலி எவ்வளவு அழகாக இருந்தாலும் ஒளி மோசமாக இருந்தால் ஆண்டுக்கணக்கில் அந்த மோசமான ஒளியில்தான் உட்கார்ந்திருக்கப் போகிறோம்.

வெளிச்சத்தின் அளவை வாட்டில் பார்க்காமல் லுமெனில் பாருங்கள். பழைய 60 வாட் குண்டு பல்பு தந்த வெளிச்சம் ஏறத்தாழ 800 லுமென். 40 வாட் பல்பு 450 லுமென் அளவில் தந்தது. 100 வாட் பல்பு 1500 லுமெனுக்குச் சற்று மேல். இன்றைய 9 வாட் எல்இடி அந்த 800 லுமெனைத் தருகிறது. நிறம் மாறும் பல்புகளின் பெட்டியில் அச்சிட்ட லுமென் எண்ணைக் கவனமாகப் படிக்க வேண்டும். அது பெரும்பாலும் 4000 கெல்வின் போன்ற நடுவெள்ளையில் கிடைக்கும் உச்ச அளவு. மஞ்சள் வெள்ளைக்கு மாற்றினால் சில பல்புகளில் அது கணிசமாகக் குறையும். நீலமோ சிவப்போ ஆக்கினால் அதில் ஒரு சிறு பங்குதான் எஞ்சும். ஒரே பல்பை நம்பி இருக்கும் பெரிய கூடத்துக்கு 800 லுமென் போதாது.

ஒளியின் நிறத்தைக் கெல்வினில் சொல்வார்கள். எண் குறையக் குறைய மஞ்சள், ஏற ஏற நீலம் கலந்த வெள்ளை. மெழுகுவத்தியின் சுடர் 1900 கெல்வின் அளவில் இருக்கும், குண்டு பல்பு 2700 கெல்வினை ஒட்டி இருந்தது, 6500 கெல்வின் பகல் வெளிச்சத்தின் வெள்ளை. உங்கள் கேள்விக்கு நேரடியாக விடை சொல்வதானால், நான் பரிந்துரைப்பது 2200 அல்லது 2700 கெல்வினிலிருந்து 6500 கெல்வின் வரை வெள்ளை ஒளியை மாற்றிக்கொள்ளும் பல்பு. அத்தனை நிறங்களும் தரும் பல்பை வாங்கியவர்கள் முதல் வாரம் ஊதாவும் பச்சையுமாக மாற்றி மகிழ்ந்துவிட்டு, பிறகு வெள்ளையிலேயே விட்டுவிடுவதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். வெள்ளைக்குள்ளேயே நிறம் மாறும் வசதியோ நாள்தோறும் பயன்படுகிறது. பிள்ளைகள் படிக்கும்போது 4000 கெல்வின், சாப்பாட்டுக்குப் பின் 2700, படுக்கைக்கு முன், பல்பு இடம் கொடுத்தால், அதனினும் கீழே.

இந்த மாலை மாற்றத்துக்கு உடலியல் சார்ந்த காரணமும் உண்டு. நம் விழித்திரையில் பார்வைக்கான செல்களைத் தவிர, உடலுக்குப் பகலா இரவா என்று சொல்லும் ஒருவகைச் செல்களும் இருக்கின்றன. 480 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய நீல ஒளியால் அவை மிகுதியாகத் தூண்டப்படுகின்றன. வெள்ளை எல்இடி என்பதே நீல ஒளி உமிழும் சில்லின்மேல் பாஸ்பர் என்னும் மஞ்சளாக ஒளிரும் பொருளைப் பூசி உண்டாக்குவதுதான் என்பதால், குளிர்ந்த வெள்ளையில் நீலத்தின் பங்கு அதிகம்; இரவிலும் அது உடலுக்குப் பகல் என்று சொல்லிவிடும். ஆனால் நிறத்தை மட்டும் மாற்றிவிட்டு வெளிச்சத்தை அப்படியே விட்டுவைத்தால் பயன் பாதிதான். மஞ்சளாக்குவதோடு மங்கலாக்கவும் வேண்டும்.

மங்கலாக்குவதில்தான் மலிவான பல்புகள் தோற்கின்றன. நம் கண் வெளிச்சத்தை நேர்விகிதத்தில் உணர்வதில்லை. கருவியால் அளந்து 10 விழுக்காடாகக் குறைத்த ஒளி, கண்ணுக்கு 30 விழுக்காட்டுக்குச் சற்று அதிகமாகத் தெரியும். ஆகவே 10 விழுக்காட்டுக்குக் கீழே இறங்க முடியாத பல்பு இரவு விளக்காகாது. 1 விழுக்காடு வரை, அதற்கும் கீழே கூட, நடுக்கமில்லாமல் இறங்கும் பல்பைத் தேடுங்கள். நடுக்கத்தை அறிய எளிய வழி ஒன்று உண்டு: பல்பை மிகக் குறைந்த வெளிச்சத்தில் வைத்து, தொலைபேசிக் கேமராவின் மெதுவியக்கக் காணொளியில் பாருங்கள். திரையில் கரும்பட்டைகள் ஓடினால், பல்பு ஒரு நொடிக்குள் பலமுறை அணைந்து எரிகிறது என்று பொருள். எல்லோருக்கும் அது தொல்லை தராது. தலைவலிக்கு ஆளாகிறவர்கள் வீட்டில் இருந்தால் அத்தகைய பல்பைத் தவிர்ப்பது நல்லது.

சிஆர்ஐ என்னும் எண்ணையும் ஒருமுறை பாருங்கள். பொருள்களின் நிறத்தை ஓர் ஒளி எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதன் அளவு அது. குண்டு பல்புக்கு 100 என்று வைத்தால், சாதாரண எல்இடிக்கு 80, நல்லதற்கு 90க்கு மேல். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் கலந்தே வெள்ளையை உண்டாக்கும் பல்புகளும் இருக்கின்றன. தனி வெள்ளை எல்இடி இல்லாத அவற்றின் ஒளியில் மனிதரின் முகம் வெளிறியோ பச்சை படர்ந்தோ தெரியும். நிறம் மாறும் பல்புதான் வேண்டுமென்றால், மூன்று நிறங்களோடு மஞ்சள் வெள்ளை, குளிர் வெள்ளை இரண்டுக்கும் தனித்தனி எல்இடி உள்ளதையே வாங்குங்கள்.

இப்போது நீங்கள் முதலில் கேட்ட வைஃபையா ஹப்பா என்ற கேள்விக்கு வருகிறேன். வைஃபை பல்பு நேரே ரவுட்டரோடு பேசும். வேறு பெட்டி எதுவும் வேண்டாம். ஒன்றிரண்டு பல்புகள் போதும் என்றால் அதுவே எளிது. பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே இயங்கும். அந்த அலைவரிசைக்கும் 5 கிகாஹெர்ட்ஸுக்கும் ஒரே பெயர் வைத்திருக்கும் ரவுட்டர்களில் முதல் இணைப்பின்போது தடுமாறும். ஒவ்வொரு பல்பும் ரவுட்டரில் ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பதால், தொலைபேசிகள், மடிக்கணினிகள், தொலைக்காட்சி ஆகியவற்றோடு 15 பல்புகளும் சேரும்போது சாதாரண வீட்டு ரவுட்டர் திணறக்கூடும். ரவுட்டரை மாற்றும் நாளில் ஒவ்வொரு பல்பையும் ஏணி போட்டு ஏறி மறுபடி இணைக்க வேண்டுமே என்று அஞ்சத் தேவையில்லை. புதிய ரவுட்டருக்கும் பழைய வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் எழுத்துப் பிசகாமல் அப்படியே கொடுத்துவிட்டால் பல்புகள் தாமாகவே இணைந்துகொள்ளும். பாதுகாப்பு முறையை மட்டும் பழைய ரவுட்டரில் இருந்ததுபோலவே வையுங்கள்.

ஜிக்பீ என்பது இத்தகைய சிறு கருவிகளுக்கென்றே உருவான ரேடியோ முறை. இதற்கு ரவுட்டரோடு இணையும் ஹப் ஒன்று வேண்டும். 2012இல் வெளிவந்து ஸ்மார்ட் பல்பு என்ற பொருளையே பலருக்கும் அறிமுகப்படுத்திய பிலிப்ஸ் ஹியூ இந்த வகை. பிறகு வந்த ஐகியாவின் பல்புகளும் இதே வழியில் இயங்கின. இதன் சிறப்பு, ஒவ்வொரு பல்பும் அடுத்த பல்புக்குச் செய்தியைக் கடத்தும் அஞ்சல்காரராகவும் வேலை செய்வது. பல்புகள் கூடக் கூட வலையமைப்பு வலுவாகிறது. இதிலும் சுவிட்ச் பிரச்சினை வந்து நிற்கிறது. நடுவிலிருக்கும் பல்பை யாராவது சுவரில் அணைத்துவிட்டால், அதன் வழியாகச் செய்தி பெற்றுவந்த கடைசி அறைப் பல்பும் தடுமாறும். வேறு வழி கண்டுபிடிக்க அதற்குச் சற்று நேரமாகும். வீட்டின் நடுப்பகுதியில் சாக்கெட்டில் செருகிய ஜிக்பீ ஸ்மார்ட் பிளக் ஒன்று எப்போதும் இயங்கிக்கொண்டிருந்தால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும். ஜிக்பீயும் வைஃபையும் ஒரே 2.4 கிகாஹெர்ட்ஸ் பரப்பைப் பகிர்ந்துகொள்வதால் ஹப்பை ரவுட்டரின் தலைமேல் வைக்காமல் ஓரிரு மீட்டர் தள்ளி வையுங்கள்.

த்ரெட் என்பது ஜிக்பீயின் அதே ரேடியோ அடித்தளத்தில், இணைய முகவரி முறையோடு அமைந்த புதிய வலையமைப்பு. மேட்டர் என்பது ரேடியோ அன்று. கருவிகள் பேசிக்கொள்ளும் பொதுமொழி. ஆப்பிள், கூகுள், அமேசான் மூன்றும் ஜிக்பீ கூட்டணியோடு சேர்ந்து 2019 டிசம்பரில் அறிவித்து, 2022 அக்டோபரில் அதன் முதல் பதிப்பு வந்தது. வைஃபை பல்பும் மேட்டர் பேசலாம், த்ரெட் பல்பும் பேசலாம். த்ரெட் பல்புக்கு, அந்த வலையையும் வீட்டு வலையையும் இணைக்கும் பார்டர் ரவுட்டர் ஒன்று தேவை. சில ஸ்மார்ட் ஸ்பீக்கர்களுக்குள்ளேயே அது இருக்கிறது. மேட்டரில் நான் மதிக்கும் கூறுகள் இரண்டு. ஒரே பல்பை ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட நிறுவனங்களின் செயலிகளோடு இணைக்கலாம். கட்டளைகள் வெளியே போகாமல் வீட்டு வலைக்குள்ளேயே ஓடும். பல்பு தயாரித்த நிறுவனம் தனக்கென்று வைத்திருக்கும் அலங்கார ஒளி விளையாட்டுகள் மேட்டர் வழியாக வராமல் போகலாம். அதை ஓர் இழப்பாக நான் கருதவில்லை.

வீட்டுக்குள்ளேயே ஓடுவது ஏன் முக்கியம் என்பதை இரண்டு நிகழ்வுகள் காட்டும். ஆஸ்ராம் நிறுவனம் தன் லைட்டிஃபை ஸ்மார்ட் விளக்குகளுக்கான இணைய வழங்கியை (சர்வரை) 2021 ஆகஸ்ட் 31உடன் மூடியது. 2022 ஏப்ரலில், ஸ்மார்ட் வீட்டுக் கருவிகள் செய்துவந்த இன்ஸ்டியான் நிறுவனத்தின் வழங்கிகள் முன்னறிவிப்பே இல்லாமல் நின்றுபோயின; பயனர்கள் சிலரே கூடி அந்த நிறுவனத்தை வாங்கிய பிறகுதான் அவை மீண்டன. இரண்டிலும் பல்புகளும் கருவிகளும் நல்ல நிலையில்தான் இருந்தன. எங்கோ இருந்த கணினி நின்றதால் வீட்டிலிருந்த விளக்கின் வசதிகள் போயின. பெட்டியில் 25,000 மணிநேர ஆயுள் என்று அச்சிட்ட பல்பு, நாளுக்கு 4 மணிநேரம் எரிந்தால் 17 ஆண்டுகள் வரும். அத்தனை ஆண்டும் அந்த நிறுவனம் வழங்கியை நடத்திக்கொண்டிருக்கும் என்று நம்பி வாங்குவதைவிட, இணையம் இல்லாமலும் இயங்கும் பல்பை வாங்குவது நல்லது. ஆகவே ஐந்தாறு பல்புகளோடு பெற்றோருக்கான சுவிட்சுகளும் வேண்டிய உங்கள் வீட்டுக்கு, ஹப்போடு வரும் ஜிக்பீ பல்புகளையே முதல் தேர்வாகச் சொல்வேன். மேட்டர் பேசும் த்ரெட் பல்புகளை அடுத்த தேர்வாக வைக்கலாம். ஹப் வாங்கும்போது, அதுவும் மேட்டர் பேசுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வைஃபை பல்புதான் என்று முடிவு செய்தால், மேட்டர் குறி இருப்பதை மட்டும் வாங்குங்கள்.

பாதுகாப்பைப் பற்றிச் சுருக்கமாக: 2016இல் இஸ்ரேலின் வைஸ்மன் அறிவியல் ஆய்வு நிலையத்தையும் கனடாவின் டல்ஹவுசி பல்கலைக்கழகத்தையும் சேர்ந்த ஆய்வாளர்கள், கட்டடத்துக்கு வெளியே ட்ரோனைப் பறக்கவிட்டு உள்ளிருந்த ஹியூ பல்புகளைத் தம் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்து காட்டினார்கள். பல்பைத் தயாரித்த நிறுவனம் மென்பொருளைப் புதுப்பித்து அந்த ஓட்டையை அடைத்தது. ஆகவே மென்பொருள் புதுப்பிப்பு தொடர்ந்து வரும் பல்பாகப் பார்த்து வாங்குங்கள், வரும்போது ஏற்றுக்கொள்ளுங்கள். பழுதான வைஃபை பல்பைக் கழிக்கும் முன் செயலியிலிருந்து நீக்கி அழித்துவிடுங்கள். உங்கள் வைஃபை கடவுச்சொல் அதன் நினைவகத்தில் இருக்கும்.

பொருத்துவதில் மூன்று செய்திகள். பல்பின் தலை உங்கள் ஹோல்டருக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள்: பின் வைத்த பி22, திருகும் இ27, சிறு திருகான இ14 ஆகியவை ஒன்றுக்கொன்று மாறாதவை. சுவரில் ஏற்கெனவே, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் இருந்தால் அதன் பின்னால் ஸ்மார்ட் பல்பைப் போடக் கூடாது. டிம்மர் மின்னலையை வெட்டி அனுப்பும், பல்புக்குள் இருக்கும் கணினிக்கு முழு அலை வேண்டும். இரண்டும் சேர்ந்தால் நடுக்கமும் இரைச்சலும் வரும், பல்பு கெட்டும் போகும். மூன்றாவது வெப்பம். முற்றிலும் மூடிய கண்ணாடிக் கூட்டுக்குள் வெப்பம் வெளியேறாது. பல்புக்குள் இருக்கும் மின்தேக்கியின் ஆயுள், வெப்பம் 10 டிகிரி ஏறினால் பாதியாகும் என்பது மின்னணுப் பொறியாளர்களின் பழைய கணக்கு. மூடிய கூட்டுக்கு ஏற்றது என்று பெட்டியில் எழுதியிருந்தால் மட்டும் அங்கே மாட்டுங்கள். கூடு உலோகமாக இருந்தால் ரேடியோ அலையும் தடைபடும்.

மின்சாரம் மிச்சமாகும் என்ற எண்ணத்தில் மாற்றுவதாக இருந்தால் ஒரு கணக்கைச் சொல்ல வேண்டும். அணைந்திருக்கும்போதும் ரேடியோ விழித்திருப்பதால் ஸ்மார்ட் பல்பு சிறிது மின்சாரம் எடுத்துக்கொண்டே இருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி அதற்கு 0.5 வாட் என்று உச்ச வரம்பு வைத்திருக்கிறது. அந்த வரம்பையே எடுத்துக்கொண்டால் ஒரு பல்புக்கு ஆண்டுக்கு 4 யூனிட்டுக்குச் சற்று அதிகம், 15 பல்புகளுக்கு 65 யூனிட்டை ஒட்டி வரும். பொருள் வைக்கும் அறையில் நாளுக்கு 10 நிமிடம் எரியும் 9 வாட் பல்பு எரிவதற்கு 1.5 வாட்மணி எடுக்கும். காத்திருப்பதற்கு 12 வாட்மணி எடுக்கும். எரிவதைப்போல் எட்டு மடங்கு! சாதாரண எல்இடி இருக்கும் இடத்தில் ஸ்மார்ட் பல்பை மாட்டுவதால் மின்கட்டணம் குறையாது. ஆளில்லாத அறைகளில் மணிக்கணக்கில் விளக்கு எரிந்துகொண்டிருக்கும் வீடாக இருந்தால் மட்டும் அது பயன் தரும்.

ஒரே நாளில் எல்லாம் வாங்காமல், முதலில் ஒரு ஹப், இரண்டு பல்புகள், ஒரு கம்பியில்லாச் சுவிட்ச் வாங்குங்கள். அவற்றை உங்கள் பெற்றோர் இரவில் பயன்படுத்தும் நடையிலும் அவர்களது படுக்கையறையிலும் பொருத்துங்கள். வீட்டிலேயே கடினமான இடம் அதுதான் என்பதால் அங்கே சரியாக இருந்தால் மற்ற இடங்களிலும் சரியாக இருக்கும். பொருளைத் திருப்பிக் கொடுக்கும் காலம் முடிவதற்குள் மூன்று சோதனைகளைச் செய்துவிடுங்கள். ரவுட்டரை இயங்கவிட்டு, இணையம் வரும் கம்பியை மட்டும் பிடுங்கிவிட்டுச் சுவிட்சும் செயலியும் வேலை செய்கின்றனவா என்று பாருங்கள். இரவில் மெயின் சுவிட்சை அணைத்துப் போட்டு, பல்பு எப்படி எரிந்து வருகிறது என்று பாருங்கள். பிறகு, எதையும் விளக்காமல், உங்கள் தாயாரை இருட்டில் அந்த நடைக்குள் போகச் சொல்லி, அவர் கை எந்த உயரத்தில் சுவரைத் தேடுகிறது என்று கவனித்து, அந்த இடத்தில் சுவிட்சை ஒட்டுங்கள்.

பல்பை மாட்டுவதற்கு முன் அதன் அடிப்பாகத்தில் அச்சிட்ட இணைப்பு எண்ணையும் க்யூஆர் குறியீட்டையும் தொலைபேசியில் படம் எடுத்து, எந்த அறைப் பல்பு என்று பெயரிட்டு வைத்துக்கொள்ளுங்கள். மேட்டர் பல்புகளில் அது 11 இலக்க எண். மறுபடி இணைக்க வேண்டிய நாளில் அது இல்லாமல் முடியாது. பல்பு அப்போது ஹோல்டருக்குள், தலைகீழாக, ஏணிக்கு எட்டாத உயரத்தில் இருக்கும்.